பூக் கேட்ட அன்று நான் மடித்த பொட்டலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். இந்தத் தொடரின் முதல் வாரமே எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் பேனாவை எடுப்பேன். மாமியார் போட்ட எலுமிச்சை ஊறுகாய், மாட்டுப் பொங்கல், முதன்முதலாக டவுன் பஸ் ஏறி வாந்தி எடுத்தது என்று வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். காரணம் பயம்தான். மனுஷருக்குப் பயந்தது கொஞ்சம், சாமிக்குப் பயந்தது மீதி.

நான் எட்டாவதோடு நின்றவள். காலையில் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டேன். அப்படிப்பட்ட நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குலசாமியை ஏமாற்றப் போனேன். அதையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால் அதுவும் இல்லை.

தாம்பாளத்தில் இரண்டு பொட்டலம்

கண்ணை மூடினால் முதலில் வருவது ஒரு குழந்தையின் கை. பூசாரியின் பேத்தி, நாலு வயசு இருக்கும். விரலெல்லாம் பொட்டுக்கடலை மாவு. அவளுக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளம். அதில் வாழையிலைக் கீற்றில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலம்.

அம்மனுக்கு வலப்பக்கம் எங்கள் வீட்டார், இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார். நடுவில் என் வீட்டுக்காரரின் தங்கை ருக்கு. கட்டைவிரலால் கல்தரையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பூசாரி சின்னையன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எல்லாருங் கேட்டுக்குங்க. வெள்ளப் பூ வந்தா ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம். செவப்பு வந்தா இந்த எடம் வேண்டாம்."

அந்தப் பொட்டலங்களை மடித்தவள் நான். வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக மடிக்க வேண்டியது வழக்கம். நான் இரண்டிலும் வைத்திருந்தது சிவப்பு.

ருக்குவுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் வைத்தேன். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

"மழை பேயட்டும், பாக்கலாமுங்க"

நான் பிறந்தது ஆனைமலைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது கணபதி என்கிற ஊருக்கு வடக்கே, சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பதினெட்டு வீடு உள்ள ஒரு சின்ன ஊர். கிணறுகளுக்குக் கரண்ட் மோட்டார் வந்த புதிது. மோட்டார் போட்டால் ஊரே போய் நின்று வேடிக்கை பார்க்கும்.

இரண்டு ஊருக்கும் அரைநாள் பயணம்தான். பேச்சும் ஒன்றுதான், சாமியும் ஆத்தாதான். ஆனால் அந்தப் பதினெட்டு வீட்டுக்கும் தனியாக ஒரு பாஷை இருந்தது. வாயால் பேசுவது பாதி. மீதியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷமாகியும் முடியவில்லை.

உதாரணத்துக்கு என் மாமனார். அவர் யாருக்கும் 'இல்லை', 'முடியாது' என்று சொன்னதே கிடையாது. மரியாதைக் குறைச்சல். அதற்குப் பதிலாக, "மழை பேயட்டும், பாக்கலாமுங்க" என்பார். ஊருக்கே தெரியும், அப்படிச் சொன்னால் எழுந்து செருப்பைப் போட வேண்டியதுதான்.

ஒரு தடவை ஐப்பசி மாதம். தரகர் ஒருத்தர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, ருக்குவுக்கு ஒரு வரன் சொன்னார். வாசலில் மழை கொட்டுகிறது. ஓட்டிலிருந்து தண்ணீர் அருவியாக விழுகிறது. மாமனார் ரொம்பத் தன்மையாக, "மழை பேயட்டும், பாக்கலாமுங்க" என்றார். தரகரும், "சரீங்க மாமா, அப்படியே ஆகட்டுங்க" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அடுக்களையில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மாமியார் திரும்பிப் பார்த்து, "எதுக்கு அம்மிணி இளிக்கற?" என்றார்.

"மழைதான் பேயுதுங்களே அத்தை."

"ஆமா, பேயுது. அதுக்கென்ன?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவருக்கு அந்த வார்த்தையில் மழையே கிடையாது.

பல்லி யார் கட்சி

இன்னொன்று கவுளி. பல்லி சத்தம் போட்டுச் சொல்லும் சகுனத்தை எங்கள் பக்கம் கவுளி என்போம். புகுந்த வீட்டில் எதை ஆரம்பித்தாலும் கவுளி கேட்காமல் நடக்காது. நான் அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டால் மாமியார் சுவரைப் பார்ப்பார். "கெழக்கால சொல்லுச்சு. இந்த வாரம் வேண்டாம்."

எங்கள் ஊரில் கிழக்கே சொன்னால் புறப்படலாம் என்று அர்த்தம். அதைச் சொன்னால், "அது உங்கூருப் பல்லி" என்பார். அந்த வீட்டுப் பல்லி அத்தனையும் மாமியார் கட்சி.

அந்த 'உங்கூரு' என்ற வார்த்தைக்கு நான் ரொம்பப் பயப்படுவேன். குழம்பில் கொஞ்சம் தேங்காய் கூடினால் உங்கூரு. கோலத்தை வலமிருந்து இழுத்தால் உங்கூரு. அதனால் எதையும் யாரிடமும் கேட்காமல், பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று வைத்திருந்தேன். அதுதான் பிறகு என்னைக் குழியில் தள்ளியது.

ருக்கு கேட்ட கேள்வி

ருக்குவுக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னைவிட ஒரு வயதுதான் சின்னவள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவது வழக்கம். வாய்க்கு வாய் "நங்கை, நங்கை" என்பாள். அந்த வீட்டில் என்னை ஒரு நாளும் 'உங்கூரு' என்று சொல்லாத ஒரே ஜீவன் அவள்தான்.

கணபதியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சொந்தமாக ஒரு லேத் வைத்து மோட்டார் சாமான் கடைந்து கொடுப்பவர். பூமி கிடையாது. மாமனாருக்கு அதுதான் இடித்தது.

"காடு இல்ல, கெணறு இல்ல. இரும்பையா ஆக்கித் திம்பாங்க?" என்றார்.

ஆனால் "மழை பேயட்டும்" என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை வந்த அன்று எங்கள் மோட்டார் நின்றுபோயிருந்தது. ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக் கிணற்றுக்குள் இறங்கி, அதை ஓடவைத்துவிட்டுத்தான் காப்பி குடித்தார். கை கழுவ ருக்கு சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். கிரீஸ் போகவே இல்லை. மூன்று சொம்பு ஆயிற்று.

அதே சமயம் இன்னொரு வரனும் காத்திருந்தது. வடக்கே பெரிய பண்ணையம், இரண்டு கிணறு. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். வயது முப்பத்தெட்டு என்று சொன்னார்கள். சொன்ன வயதே முப்பத்தெட்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் இல்லையென்றால் பண்ணையக்காரர் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

ருக்குவை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அப்போது இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கும்போது அவளே கேட்டாள்.

"ஏனுங்க நங்கை, லேத்து ஓடுனா சத்தம் பெருசா வருமாமா?"

"வரும்னுதான் நெனைக்கறேன். எதுக்கு?"

"இல்ல, சும்மா கேட்டேன். தூக்கம் வருமான்னு."

தட்டை நறுக்கிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. தூக்கம் வருமா என்று கேட்கிற பெண் மனசுக்குள் அந்த வீட்டில் பாயை விரித்துப் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பண்ணையத்தைப் பற்றி அவள் எதுவுமே கேட்கவில்லை.

மறுநாள் மாமனார் சொன்னார்: "எனக்கு ரோசனையா இருக்குது. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். அவ சொல்றதுதான்."

பூக் கேட்பது எப்படி என்றால்

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுப் பெண் ஒருத்தி தலைக்குக் குளித்து, ஈரத்துணியோடு, ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் பறித்துத் தனித்தனியாக இலையில் மடிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியக்கூடாது. சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அதைப் பிரித்து வரும் நிறம்தான் சாமியின் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே கிணற்றில் போட்டுவிடுவார்கள். சாமி வேண்டாம் என்றதை மனுஷர் பார்க்கக்கூடாதாம்.

மடிக்கிற வேலையை மாமியார் என்னிடம் கொடுத்தார். "கோயலுக்குப் பொறகால செடி இருக்குது. வெள்ளைக்கு நந்தியாவட்டை, செவப்புக்கு அரளி. நேரமாச்சு, வெசையா மடிச்சுட்டு வா அம்மிணி."

எந்த நிறம் வந்தால் நல்லது என்று அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்?

எனக்கும்தான் தெரியுமே! எங்கள் ஊர் அம்மன் கோயிலில் சிவப்பு வந்தால் மங்கலம். குங்குமத்தின் நிறம், ஆத்தா சேலையின் நிறம். வெள்ளை வந்தால் காரியம் ஆகாது. என் கல்யாணத்துக்கே சிவப்பு வந்துதான் என் அப்பா தட்டு மாற்றினார்.

செடியண்டை போய் நின்றேன். சுற்றிலும் யாரும் இல்லை. அரளியைப் பறித்தேன். நந்தியாவட்டையைப் பறிக்கக் கை நீட்டினேன். முப்பத்தெட்டு வயசு ஞாபகம் வந்தது. கை தானாகத் திரும்பி இன்னொரு அரளியைப் பறித்தது.

எடுக்காத பொட்டலம் கிணற்றுக்குத்தானே போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். "ஆத்தா, இது உன்னை ஏமாத்தறது இல்ல. உனக்கு வேலையைச் சுலுவாக்கறேன், அவ்வளவுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே நாரை முடிந்தேன்.

ஒற்றைத் தும்மல்

இப்போது மறுபடி தாம்பாளத்துக்கு வருவோம். "செவப்பு வந்தா இந்த எடம் வேண்டாம்" என்று பூசாரி சொல்லி முடித்துவிட்டார். சுற்றி இருந்த ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அங்கே அதுதான் வழக்கம். என்றைக்கும் அதுதான் வழக்கம்.

எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் சிவப்பு. பட்டறைக்காரர் போனார். பண்ணையக்காரர் வந்தார். அவளுக்கு நானே என் கையால் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

"எடு கண்ணு" என்றார் பூசாரி. குழந்தை கையை நீட்டியது.

வாய் திறந்து நிறுத்துங்கள் என்று சொல்லத் தைரியம் இல்லை. மாமனார் இருக்கிறார், சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள். என்ன செய்வது? ஆத்தாதான் புத்தி கொடுத்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஓங்கி ஒரு தும்மல் போட்டேன்.

"அச்!"

கோயில் அதிர்ந்தது. குழந்தை கையை இழுத்துக்கொண்டு தாத்தாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டது. எந்தக் காரியமானாலும் ஒற்றைத் தும்மல் விழுந்தால் அங்கேயே நிற்க வேண்டும். இந்த ஒரு விஷயத்திலாவது எங்கள் ஊரும் அவர்கள் ஊரும் ஒன்று.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்தே விட்டார். "ஒத்தத் தும்மலுங்க. அபசகுனமால்ல இருக்குது!"

மாமியார் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "இன்னொண்ணு தும்மு, இன்னொண்ணு தும்மு! ரெட்டையாப் போயிரட்டும்!"

இன்னொன்று தும்மினால் தடை நீங்கிக் குழந்தை பொட்டலத்தை எடுத்துவிடும். "வரலீங்க அத்தை" என்றேன்.

"ஒண்ணு வந்துச்சல்ல?"

"ஒண்ணுதானுங்க வந்துச்சு."

பூசாரி சின்னையன் பெரிய மனுஷர். "சித்தெ இருங்க. பூ எடுக்கறதுக்கு மின்னயே வந்த தும்மல். இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல. எல்லாரும் வெளிய போயித் தண்ணி குடிச்சு உக்காந்து எந்திரிச்சு வாங்க. புதுசாக் கேக்கலாம்" என்றார்.

விசாரித்திருக்கலாமே

எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"என்ன அம்மிணி?" என்றார் பூசாரி.

"ஏனுங்க, ரெண்டுமே செவப்புங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன், ருக்கு மேல உனக்கென்ன கோவம்?"

"கோவம் இல்லீங்க சாமி. அவளுக்கு இந்த எடந்தான் புடிச்சிருக்குது. எங்கூர்ல செவப்புத்தானுங்க நல்லது."

சின்னையன் அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். முதுகு குலுங்கிய பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. திரும்பும்போது கண்ணில் தண்ணீர்.

"ஏமாத்தறதுதான் ஏமாத்தற. விசாரிச்சுப்போட்டு ஏமாத்தக்கூடாதா அம்மிணி?"

நான் அழுதுவிட்டேன். "ஆத்தா என்னயக் கண்ணக் குத்தீருவாளா?"

"குத்தறதா இருந்தா உன்னைத் தும்ம உட்டுருப்பாளா?" என்றார். பொட்டலம் இரண்டையும் எடுத்துப் பிரிக்காமலே மடியில் செருகிக்கொண்டார். "பொண்ணுக்குப் புடிச்சிருக்குதுன்னு உனக்கு அவ சொன்னாளா?" என்று கேட்டார்.

"லேத்து ஓடுனாத் தூக்கம் வருமான்னு கேட்டாளுங்க."

"ம்" என்றார் அவர்.

எல்லாரும் திரும்பி வந்ததும் பூசாரி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னார்: "மடிச்ச கை தும்முனவ கையி. அது ஆகாது. பொண்ணே போய்ப் பறிச்சு மடிச்சுட்டு வரட்டும்."

மாமனார் திகைத்தார். "பொண்ணேவா? அப்படி வழக்கமில்லைங்களே."

"ஒத்தத் தும்மலுக்கு அதுதானுங்க பரிகாரம்."

அப்படி ஒரு பரிகாரத்தை அதற்கு முன்னாலும் யாரும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. ஆனால் பூசாரி சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளை அத்தை மட்டும், "எங்க பக்கங்கூட அப்படித்தானுங்க" என்றார், தெரியாது என்று காட்டிக்கொள்ளக்கூடாதே என்று. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. அப்படி இருப்பவள் நான் மட்டும் இல்லை.

செடியண்டை ருக்கு

ருக்கு தலைக்கு ஒரு குடம் ஊற்றிக்கொண்டு போனாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். கோயில் பின்புறம் போனதும், "அந்தப் பக்கம் திரும்பிக்குங்க நங்கை" என்றாள்.

திரும்பிக்கொண்டேன். எதிரே மதில் சுவர், அதில் ஒரு எறும்பு வரிசை. முதுகுக்குப் பின்னால் ஒரு காம்பு ஒடிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. ஈரப் பாவாடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு இன்னொரு காம்பு ஒடிந்தது. இரண்டும் ஒரே செடியா, வேறு வேறா, காதுக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன். திரும்பிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. கழுத்து வலிக்கும் அளவுக்கு ஆசை. பார்க்கவில்லை. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

குழந்தையைக் கடலை உருண்டை காட்டி மறுபடி அழைத்து வந்தார்கள். இரண்டு பொட்டலத்தையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து நேராக வாயில் வைக்கப் போனது. பூசாரி பிடுங்கிப் பிரித்தார்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேர் என்று, இலையின் ஈரத்தோடு.

"ஆத்தா சொல்லிப்போட்டா" என்றார் மாமனார். குரல் உடைந்திருந்தது. அவருக்கும் உள்ளுக்குள் அந்த இடம் பிடித்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. காடு இல்லையே என்று ஊர் கேட்டால் கைகாட்டுவதற்கு அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மாமியார் குலவை போட்டார். ருக்கு நிமிரவே இல்லை.

நான் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சப் பொட்டலம் அங்கே ஒரு விநாடி கூட இல்லை. சின்னையன் வழக்கமாக ஆடி அசைந்து நடக்கிறவர். அன்றைக்கு எழுபது வயசில் ஓட்டமாக ஓடி அதைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்துதான் கற்பூரம் ஏற்றினார்.

அதற்குப் பிறகு

தை மாதம் கல்யாணம். நான் பதினோரு வெள்ளிக்கிழமை அந்தக் கோயில் வேம்புக்குத் தண்ணீர் ஊற்றி மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று மாமியார் கேட்டபோது, "தும்மலுக்குங்க அத்தை" என்றேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. "இப்பத்தான் நம்மூரு ஆயிருக்கற" என்றார்.

மாமனார், மாமியார், பூசாரி மூன்று பேரும் ஆத்தாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இதை எழுதுமுன் ருக்குவிடம் கேட்கக் கணபதிக்குப் போனேன். அவளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். நான் மடித்த கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்து முடித்ததும், "நீ மடிச்ச பொட்டலத்துல என்ன வெச்ச ருக்கு?" என்று கேட்டேன்.

"உங்க பொட்டலத்தை நீங்க எழுதுங்க நங்கை" என்றாள். எழுந்து காப்பி வைக்கப் போய்விட்டாள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாரிடமாவது சொல்வீர்கள், எனக்குத் தெரியும். சொல்லுங்கள். ஆனால் சுவைக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள். என் பொட்டலம் இரண்டும் சிவப்பு, அதைத் தாராளமாகச் சொல்லிச் சிரியுங்கள். ருக்கு மடித்ததில் ஒன்று வெள்ளை. மற்றது என்ன நிறம் என்று கேட்டால், கிணற்றில் போட்டாயிற்று என்று மட்டும் சொல்லுங்கள்.